பின்வளவுக்குப் போகும் தண்ணீர்

தம்பி,

வைரவருக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். உன் அப்பா சுகம். எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீ விட்டுப்போன தாள்கள் இதே மேசையில், சீனிப் போத்தலைப் பாரமாக வைத்தபடி கிடக்கின்றன. சாப்பிடும் நேரம் ஒரு பக்கம் தள்ளுகிறேன், சாப்பிட்ட பிறகு திரும்ப இழுத்து வைக்கிறேன். அலுமாரியில் வைத்துப் பூட்டலாம்தான். பூட்டினால் மறந்துவிட்டேன் என்று நானே என்னை ஏமாற்றுவேன். இந்தக் கடிதத்தை நான் உனக்கு மட்டும் அனுப்பப்போவதில்லை. எங்கள் ஒழுங்கையில் காணி உள்ளவர்கள், கனடாவிலும் லண்டனிலும் பிரான்சிலும் இருக்கிற நம் ஆட்கள், எல்லோரும் வாசிக்கும் அந்தத் தொலைபேசிக் குழுவில் போடச் சொல்லி அப்பாவிடம் கொடுப்பேன். அவர்கள் எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். என்னால்தான் எல்லாம் நிற்கிறது என்று எனக்குச் சொன்னவர்களுக்கு, ஏன் நிற்கிறது என்று நான் சொல்லவேண்டும்.

முதலில் ஒன்று. உன் தொழிலை நான் குறைவாக நினைக்கவில்லை. நீ இணையத்தில் பேசிய பேச்சை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். தெரியாத சொல்லை அகராதியில் பார்த்தேன். பத்திரிகையும் அகராதியும் வைத்து நானாகப் படித்த இங்கிலிஷ் அதற்குப் போதுமாக இருந்தது. எனக்கு விளங்கியது இதுதான்: காணி எங்கள் எங்கள் பெயரிலேயே இருக்கும். அதன் நீண்டகாலக் குத்தகை ஒரு கம்பனிக்குப் போகும். ஒழுங்கையில் பற்றை மூடிக் கிடக்கும் வளவுகளையெல்லாம் அந்தக் கம்பனி ஒன்றாக்கி, மரக்கறி பழுதாகாமல் வைக்கும் குளிர்க் களஞ்சியமும் பொதி செய்யும் கட்டடமும் கட்டும். அந்தக் கம்பனியின் உரிமையைச் சிறு சிறு பங்காக்கி, டோக்கன் என்று பெயர் வைத்து, பிளொக்செயின் என்னும் சங்கிலிக் கணக்கில் பதிவீர்கள். வாங்குகிறவர்கள் தனி ஆட்கள் இல்லை. ஓய்வூதிய நிதியங்கள், காப்புறுதி நிறுவனங்கள். எங்கேயோ ஒரு நாட்டில் வாத்தியார் வேலை பார்த்த ஒருத்தியின் ஓய்வூதியம் எங்கள் செம்மண்ணில் வந்து தங்கும். இதில் எனக்குப் பிழையாக ஒன்றும் தெரியவில்லை. பீற்றூட் விலை விழுகிற காலத்தில் அதை மாட்டுக்குப் போடுகிறதைப் பார்த்திருக்கிறேன். குளிர்க் களஞ்சியம் வந்தால் கும்பிட்டு வரவேற்பேன்.

அந்தக் கணக்கைப் பற்றி நீ சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. அது ஓரிடத்தில் இல்லை, பல நாட்டுக் கணினிகளில் ஒரே பிரதியாக இருக்கிறது, எழுதினதை ஒருவரும் தனியே அழிக்க ஏலாது என்றாய். நான் கலியாணம் முடித்த நாள் முதல் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். றப்பர் பாவித்ததில்லை. பிழை எழுதினால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவேன். முதலில் என்ன எழுதினேன் என்பதும் வாசிக்கத் தெரியவேண்டும். செலவில்லாத நாளையும் வெறுமனே விடமாட்டேன். 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவேன். அப்படி எழுதுமுன் கடைப் பையையும் அப்பாவின் சேட்டுப் பையையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். நீ சின்ன வயதில் இதைப் பார்த்துச் சிரிப்பாய். "ஒண்டும் இல்லாததுக்கு ஏனம்மா இவ்வளவு தேடுறியள்?" என்று கேட்பாய்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நீ உன் நிறுவனத்துப் பெண்ணையும், நிதியத்தின் சார்பில் வந்த சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு வந்தாய். நான் விடிய எழும்பி உழுந்து அரைத்தேன். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, கதிரைகளைத் துடைத்து, மாமரத்துக்குக் கீழே போட்டார். நீ பறக்கும் கமராவை ஏவினாய். அது தேனீ மாதிரி இரைந்துகொண்டு வளவைச் சுற்றியது. அந்தப் பெண் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்து, நல்ல தண்ணீர் என்றாள். பொதி செய்கிற கட்டடத்துக்குத் தண்ணீர் வேண்டும், ஒழுங்கையில் வற்றாத கிணறு இதுதான், அதனால்தான் எங்கள் வளவு இல்லாமல் மற்ற வளவுகளால் பயனில்லை என்று நீ முதல் நாள் சொல்லியிருந்தாய். சட்டத்தரணி ஏதோ கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய்.

"அம்மா, இந்தக் கிணத்தை வேறை ஆரும் பாவிக்கினமோ எண்டு கேக்கிறார்."

நான் வடைத் தட்டோடு நின்றேன். பின்வளவைப் பார்த்தேன். அன்று எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் பின்வளவு மச்சாளின் முறை. ஆனால் மோட்டர் ஓடவில்லை. வரம்போடு கிடக்கிற நீலக் குழாயையும் காணவில்லை. மகன், நீ அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற நிற்பு இருக்கிறதே, அதை நான் முன்னர் பார்த்ததில்லை. வாடகை வீடு வாடகை வீடாக இழுபட்டு வளர்ந்த பிள்ளை, ஒரு நிதியத்தின் ஆளை எங்கள் மாமரத்துக்குக் கீழே இருத்திவைத்திருக்கிறது. பின்வளவுக் கதையை எடுத்தால் அது நீளும். வந்தவர்களுக்கு வடை ஆறிவிடும். "முதல் அவையைச் சாப்பிடச் சொல்லு, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு எண்டும் கேள்" என்றேன். நீ சிரித்துக்கொண்டு அவரிடம் திரும்பி, இல்லை என்று சொன்னாய். அந்த இங்கிலிஷ் எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் குசினிக்குப் போனேன்.

மாலையில் வேலிப் பொட்டுக்குள்ளால் மச்சாள் தலையை நீட்டினாள். உன் இராசமணி மாமியை உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இதை வாசிக்கிற பிள்ளைகளில் பலர் அவளைக் கண்டதில்லை. என் அம்மானின் மகள். எங்கள் வளவுக்குப் பின்னால் பீற்றூட்டும் வெங்காயமும் போட்டுத் தனியே சீவிக்கிறாள். பின்வளவு முழுக்கக் கற்பாறை, அங்கே கிணறு வெட்ட ஏலாது. எங்கள் கிணற்றில் செவ்வாயும் சனியும் அவளுடைய முறை.

"என்ன மச்சாள், வெளிநாட்டு ஆக்கள் சாப்பிட்டவையோ?" என்றாள்.

"சாப்பிட்டவை. நீ ஏன் இண்டைக்கு மோட்டர் போடேல்லை?"

"உந்தச் சத்தத்திலை பெடியன் கதைக்கிறது ஆருக்குக் கேக்கும்? குழாயையும் சுருட்டி வைச்சனான். சப்பாத்துக் காலோடை தடக்கி விழுந்தால் பிறகு உன்ரை வடையைத்தான் குறை சொல்லுவினம்."

அவள் சிரித்தாள். அவளுடைய பீற்றூட் கன்றுகள் அன்று தண்ணீர் இல்லாமல் தலை தொங்கி நின்றன. தம்பி, உன் கமரா கண்ட ஆளில்லாத கிணறு அதுதான். உனக்கு மரியாதை செய்வதற்காக அவள் விட்டுக்கொடுத்த ஒரு நாளை வைத்து, அவளுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதப்பட்டிருக்கிறது.

எழுதப்பட்டிருக்கிறது என்பதை நான் நீ புறப்படுகிற அன்றுதான் கண்டேன். பெட்டி கட்டிக்கொண்டே தொலைபேசியில் அந்தப் பக்கத்தைக் காட்டினாய். எங்கள் வளவின் படம், அதன் கீழே நிரல். உரிமையாளர் சம்மதம்: பெறப்பட்டது. வேறு எவருடைய உரிமையோ பாவனையோ: இல்லை. நான் கண்ணாடியைப் போட்டு இன்னொரு தரம் வாசித்தேன்.

"தம்பி, நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லையே?"

"நீங்கள் வைப்பியள்தானே அம்மா. அவைக்கு அந்தக் கட்டம் நிரம்பினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்."

"இதை இப்ப மாத்தேலாதோ?"

"மாத்துறதெண்டால் திருத்தம் எண்டு புதுசாப் பதியோணும். எல்லா நிதியமும் அதைப் பாக்கும். பிறகு என்னை ஆர் நம்புவினம்? சும்மா இருங்கோ அம்மா."

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அம்மாவின் கையெழுத்து உனக்குக் கையில் இருக்கிற காசு மாதிரி. தாய் மறுப்பாள் என்று எண்ண எங்கள் வீட்டில் உனக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்க்கிற ஒருவரும் எங்கள் கிணற்றடிக்கு வரமாட்டார்கள். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வாங்குவார்கள், வாங்கினவரிடமிருந்து இன்னொருவர் வாங்குவார். ஆயிரம் கணினி அதைக் காத்து வைத்திருக்கும். அத்தனை கணினிக்கும் எங்கள் கிணற்றைப் பற்றித் தெரிந்ததெல்லாம், வடைத் தட்டோடு நின்ற ஒருத்தி வாய் திறக்கவில்லை என்பதுதான்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். இராணுவம் காணிகளை விட்டபிறகு நாங்கள் திரும்பி வந்தபோது நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். விடுமுறையில் நீ வந்து பார்த்த கிணறு கட்டி முடித்து வெள்ளை அடித்த கிணறு. நாங்கள் வந்து கண்டது வேறு. கூரைத் தகரம், கல், முள்ளுக்கம்பி எல்லாம் உள்ளே. தண்ணீர் கறுப்பு. கண்ணிவெடி உண்டோ என்று வளவைச் சோதித்துத் துப்புரவாக்கி விட்டார்கள். கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. கூலிக்கு ஆள் கேட்டோம், எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு அப்போதே இளைப்பு. மச்சாளின் புருசன் நடேசு அண்ணை, அவருக்கு இந்த வளவில் ஒரு சாண் நிலமும் இல்லை, சாரத்தை மடித்துக் கட்டி இடுப்பில் கயிறு போட்டார்.

"நான் கத்தினால் இழு. கத்தாட்டில் இன்னும் பலமா இழு" என்று அப்பாவிடம் சொன்னார்.

மச்சாள் கயிற்றைப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி இருந்து தேவாரத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தகரம் வந்தது. சைக்கிள் சில்லு வந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழேயிருந்து, "உதையும் விலைக்குப் போடலாம், வைச்சிரு" என்று அண்ணையின் குரல் வரும். கடைசியாக வாளியில் எங்கள் வைரவர் சூலம் வந்தது, சேற்றோடு. நான் இன்றைக்கு விளக்கு வைத்த சூலம் அதுதான். அண்ணை வெளியில் வந்து ஈரத்தோடு நின்றபோது நான் சொன்னேன்: "அண்ணை, இனி இது ரண்டு வீட்டுக் கிணறு." அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, "உவளிட்டைச் சொல்லு, நாளைக்கே முறை பிரிப்பாள்" என்றார். அவள் அடுத்த நாளே பிரித்தாள். அதற்கு ஒரு தாளும் இல்லை. அண்ணை வருத்தம் வந்து படுத்துப் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த முறை ஒரு வாரமும் பிசகியதில்லை.

இப்போது நீ தந்த தாளில், 'மேற்படி காணியிலோ கிணற்றிலோ வேறெவருக்கும் எவ்வித உரிமையும் பாவனையும் இல்லை' என்ற வசனத்துக்குக் கீழே நான் பேரை எழுத வேண்டும். கம்பனி மதில் கட்டும். வேலிப் பொட்டு அடைபடும். மச்சாளின் தோட்டம் பாறையாகக் காயும். எழுதாவிட்டால் உன் பதிவு பொய்யென்று ஆகும், உன் வேலை போகும், ஒழுங்கை முழுவதும் கையெழுத்து வைத்தவர்களின் எண்ணமும் போகும். உன் பெரியப்பாவின் மகள் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்து, "சின்னம்மா, உங்கடை ஒரு ஆளாலை எல்லாரும் நிக்கிறம்" என்று அழுகிற மாதிரிச் சொன்னாள். அவளுக்கு அந்தக் குத்தகையில்தான் பிள்ளையின் படிப்பு இருக்கிறது. முன்படலையைத் திறந்தால் ஒழுங்கையில் கையெழுத்து வைத்த வளவுகள். பின்னுக்குப் போனால் வேலிப் பொட்டு. நடுவில் இந்த மேசை. பாலைக் காய்ச்ச வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்று பொங்க விடுகிறேன்.

அப்பாவிடம் போனேன். எங்கள் தேசவழமைச் சட்டப்படி இது என் சீதனக் காணி. ஆனால் புருசன் சம்மதக் கையெழுத்து வைக்காமல் நான் எழுதிக்கொடுக்க ஏலாது. இந்தச் சட்டத்தை நான் எத்தனையோ நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்று அதற்குப் பின்னால் ஒளிக்கலாம் என்று நினைத்தேன்.

"நீங்கள் சம்மதிக்கேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ" என்றேன்.

"உன்ரை காணி. நீ வைச்சால் நான் சம்மதிக்கிறன்."

"நீங்கள் சம்மதிச்சால்தானே நான் வைக்கலாம்?"

"அப்ப ரண்டு பேரும் தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

பிறகு குவளையைக் கீழே வைத்து, "கயிறு என்ரை கையிலைதான் இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போனேன். மச்சாளுக்குக் கிணற்றில் முறைத் தண்ணீர் உரிமையை உறுதிப் பத்திரமாக எழுதிப் பதிந்துவிட்டால், பிறகு கம்பனி எடுத்தாலும் அந்த உரிமையோடுதான் எடுக்கவேண்டும். நொத்தாரிசு நல்ல மனிசன். எழுதித் தந்தார். "ஆனால் அம்மா, பெறுகிறவவும் ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்கோணும். ஏற்காட்டில் செல்லாது" என்றார். ஏற்காமல் என்ன என்று நான் சிரித்தேன்.

மச்சாள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் வரம்பில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன், உன் பதிவு உட்பட. கையைச் சீலையில் துடைத்துவிட்டு உறுதியை வாங்கி, வெயிலுக்குப் பிடித்து, முழுவதும் வாசித்தாள். திருப்பி என் மடியில் வைத்தாள்.

"எனக்கு உது வேண்டாம்."

"ஏன்? உனக்குத்தானே பாதுகாப்பு?"

"இவ்வளவு நாளும் உன்ரை வாயாலை வந்த தண்ணி. இனி உறுதியைக் காட்டி அள்ளோணுமோ? அவர் கிணத்துக்கை இறங்கேக்கை நாங்கள் உங்களிட்டை என்ன எழுதி வாங்கினனாங்கள்?"

"நீ வைக்காட்டில் நான் அந்தத் தாளுக்கு என்ன செய்யிறது மச்சாள்?"

"வை, வைக்காமல் விடு. அது உன்ரை பாடு. எனக்குத் தண்ணி இல்லையெண்டு எழுதினது நீயில்லையே? பிறகேன் நீ வந்து வரம்பிலை குந்தியிருக்கிறாய்?"

நான் எழும்ப முடியாமல் இருந்தேன். முழங்காலும் ஒரு காரணம். அவள் திரும்பவும் களை பிடுங்கத் தொடங்கினாள். அரைப் பாத்தி போன பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"கையெழுத்து வைக்கிறன். ஆனால் உனக்கு வைக்கமாட்டன். ஆர் எழுதினவனோ அவன் வந்து கேக்கட்டும். தொலைபேசியிலை முகத்தைக் காட்ட வேண்டாம். கொம்பியூட்டரும் கொண்டுவர வேண்டாம்."

தம்பி, இப்போது நாங்கள் இருக்கிற இருப்பைப் பார். நிதியம் உன் சொல்லுக்காக நிற்கிறது. நீ என் கையெழுத்துக்காக நிற்கிறாய். நான் மச்சாளின் கையெழுத்துக்காக நிற்கிறேன். அவள் உனக்காக நிற்கிறாள். உன் சங்கிலி எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு இப்போதுதான் முழுக்க விளங்கினது.

திருத்தம் பதிந்தால் உன்னை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றாய். நான் அந்த உலகத்தைக் கண்டதில்லை, நீ சொன்னது நடக்கலாம். சில நிதியம் விலகலாம். களஞ்சியம் வராமலே போகலாம். இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும், பெயர் சொல்லியே கோபியுங்கள். ஆனால் செவ்வாயும் சனியும் பின்வளவுக்குத் தண்ணீர் உண்டு என்று எழுதி, அதோடு வாங்கச் சம்மதிக்கிற ஒரு நிதியம் உலகத்தில் இல்லாமலா போகும்? கிழமையில் மிச்ச நாளெல்லாம் கிணறு அவர்களுக்குத்தானே. நீ போய்க் கேட்காமல் இல்லை என்று சொல்லாதே. இல்லை என்று எழுதுமுன் தேடிப் பார்க்கவேண்டும் என்பதற்குத்தான் நீ சின்னனில் சிரித்தாய்.

நீ தந்த தாளில் நான் பேர் எழுதவில்லை. அந்த வசனத்தின்மேல் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கீழே உள்ளது இன்னும் வாசிக்கத் தெரிகிறது. அப்பா தன் பேனையை எடுத்து, கோட்டின் ஓரத்தில் 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதவேண்டும் என்பதை மாமி உனக்குச் சொல்லுவாள்.

செவ்வாயில் வா. இனி ஒருவருக்காகவும் மோட்டரை நிற்பாட்டமாட்டாளாம். அந்தச் சத்தத்தில் நீ கதைப்பது கேளாது. கிட்டப் போய், பலமாகக் கேள்.

அம்மா